தொட்டிலுக்கு அருகே ஒரு கட்டம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடுவது நம் வீடுகளில் வழக்கம். ஏணி கிடைத்தவர் ஏறுவார். பாம்பின் வாயில் விழுந்தவர் சறுக்குவார். விண்ணுலகத்தை எட்டிப் பிடிக்கும் நேரத்தில் பெரிய பாம்பு ஒன்று விழுங்கிவிட, அழுதுகொண்டே எழுந்து போன தம்பி தங்கையரை நாம் பார்த்திருக்கிறோம். சிறுவர் ஆடும் ஆட்டத்திற்குள் பாவமும் புண்ணியமும், நரகமும் மோட்சமும் ஏன் வந்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வாழ்க்கையின் கொடுமைகளை விளையாட்டுப் போலவே பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கும் முறை நமக்கு மட்டும் உரியதன்று. உலகின் பல நாடுகளில் அது இருந்தது.

அமெரிக்க நாட்டில் 1860-ஆம் ஆண்டு ஓர் ஆட்டப் பலகை விற்பனைக்கு வந்தது. குடும்பத்தார் விளக்கைச் சுற்றி அமர்ந்து ஆடுவதற்கான பலகை அது. அதில் பள்ளி இருந்தது, காதல் இருந்தது, திருமணம் இருந்தது, செல்வம் இருந்தது. அதே பலகையில் குடி, சூது, சிறை ஆகியவையும் இருந்தன. தற்கொலை என்று ஒரு கட்டமும் இருந்தது! அந்தப் பலகையைப் படைத்தவர் மில்ட்டன் பிராட்லி. அவரது வாழ்க்கையே ஒரு பரமபதம்தான்.

இளமையும் வறுமையும்

மில்ட்டன் பிராட்லி 1836-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் மேயின் மாநிலத்திலுள்ள வியன்னா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை லூயிஸ் கைத்தொழில் அறிந்தவர். ஆனால் தொழில் அவருக்குக் கை கொடுக்கவில்லை. பிழைப்பைத் தேடி 1847-இல் குடும்பம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகருக்குக் குடிபெயர்ந்தது. லோவெல் பஞ்சாலைகள் நிறைந்த ஊர். நம் கோவையை எண்ணிக்கொண்டால் அவ்வூர் ஓரளவு கண்முன் தோன்றும்.

உயர்நிலைப் பள்ளியை முடித்த பிராட்லி வரைவாளர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கோ மேலே படிக்க ஆசை. பணத்திற்கு எங்கே போவது? ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதிகளுக்குச் சென்று தாளும் உறையும் விற்றார். அப்படிச் சேர்த்த காசைக் கொண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் அறிவியல் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் பெற்றோர் ஹார்ட்ஃபோர்டு நகருக்கு இடம் மாற வேண்டி வந்தது. மகனும் உடன் சென்றார். படிப்பு பாதியில் நின்றது. பட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை.

புதிய ஊரில் வேலையும் கிடைக்கவில்லை. 1856-இல் இருபது வயதுகூட நிரம்பாத பிராட்லி தனியே ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குப் போனார். இரயில் பெட்டிகள் செய்யும் வேசன் நிறுவனத்தில் வரைவாளர் ஆனார். இரண்டாண்டுகளில் வணிக மந்தம் வந்து அந்த வேலையையும் பறித்தது. சொந்தமாக இயந்திர வரைபடங்கள் வரைந்தும், புதுக் கண்டுபிடிப்பாளர்களுக்குக் காப்புரிமை வாங்கித் தந்தும் காலத்தைத் தள்ளினார். பிறகு ராட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகருக்குச் சென்று கல்லச்சுக் கலையைக் கற்றார். 1860-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் வண்ணக் கல்லச்சகம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வூரில் அதுவே முதலாவது.

தாடி செய்த சேதம்

ஏணி கிடைத்துவிட்டது என்றே அவர் நம்பியிருப்பார். அவ்வாண்டு குடியரசுத் தலைவர் தேர்தல். ஆபிரகாம் லிங்கன் வேட்பாளர். பிராட்லி லிங்கனின் படத்தைக் கல்லச்சில் அச்சிட்டார். படம் நன்றாக விற்றது. அந்தப் படத்தில் லிங்கனுக்குத் தாடி இல்லை.

அக்டோபர் மாதத்தில் கிரேஸ் பெடல் என்ற பதினொரு வயதுச் சிறுமி லிங்கனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். மெலிந்த முகத்திற்குத் தாடி அழகு தரும் என்பது அவளது யோசனை. லிங்கன் அவ்வாறே தாடி வளர்த்தார். அவ்வளவுதான்! தாடியில்லாத லிங்கனை வாங்க ஆளில்லை. வாங்கியவர்களும் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். எஞ்சிய படங்களைப் பிராட்லி தீயிட்டு அழித்தார். எங்கோ ஒரு சிறுமி எழுதிய நல்ல கடிதம், முகமறியாத இளைஞன் ஒருவனின் அச்சகத்தை அழிவின் விளிம்பிற்குக் கொண்டுவந்தது. தீமை செய்தவர் எவருமில்லை. ஆயினும் பாம்பு தீண்டிவிட்டது.

வாழ்க்கை என்னும் ஆட்டம்

சோர்ந்திருந்த பிராட்லியை ஜார்ஜ் டாப்லி என்ற நண்பர் ஒரு மாலை விளையாட அழைத்தார். பலகை ஒன்றை விரித்து இருவரும் ஆடினர். அந்த மாலைதான் பிராட்லிக்கு வழி காட்டியது. தாமே ஓர் ஆட்டத்தை உருவாக்கித் தம் அச்சகத்திலேயே அடிக்கலாமே என்ற எண்ணம் பிறந்தது.

அமெரிக்காவில் அதற்கு முன்பும் நீதி புகட்டும் ஆட்டங்கள் இருந்தன. 1843-இல் சேலம் நகரில் வெளிவந்த ‘இன்ப மாளிகை’ என்ற ஆட்டம் புகழ் பெற்றது. அது இங்கிலாந்திலிருந்து வந்த ஆட்டம். பாவம் செய்தவர் கசையடிக் கம்பத்திற்குப் போவார். அறவழி நின்றவர் மாளிகையை அடைவார். பிராட்லி அதனினும் வேறுபட்ட ஒன்றைச் செய்தார். அதற்கு ‘கட்டமிட்ட வாழ்க்கை ஆட்டம்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

சதுரங்கப் பலகைபோல் 64 கட்டங்கள். ஒரு மூலையில் குழந்தைப் பருவம். எதிர் மூலையில் இன்பமான முதுமை. பள்ளிக் கட்டத்தில் நின்றவரைக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். விடாமுயற்சி வெற்றிக்கும், நேர்மை இன்பத்திற்கும் கொண்டுசெல்லும். சோம்பல் இழிவில் தள்ளும். குடி வறுமையிலும், சூது அழிவிலும், குற்றம் சிறையிலும் கொண்டு சேர்க்கும். செல்வாக்கு என்ற கட்டத்தில் நின்றவருக்குக் கொழுத்த பதவி கிடைக்கும்! பிராட்லிக்கு உலகம் தெரிந்திருந்தது. முதலில் 100 மதிப்பெண் பெற்றவரே வென்றவர். இன்பமான முதுமையை அடைந்தால் மட்டுமே 50 மதிப்பெண் உண்டு.

பகடை சூதாட்டத்தின் கருவி என்று நல்ல குடும்பங்கள் ஒதுக்கிய காலம் அது. ஆகவே அவர் ஆறு பக்கமுள்ள சிறு பம்பரத்தை வைத்தார். பம்பரம் 1 காட்டினால் மேலோ கீழோ ஒரு கட்டம் நகரலாம். 2 என்றால் இடமோ வலமோ. 3 என்றால் மூலைவாட்டில். 4, 5, 6 விழுந்தால் அதே திசைகளில் ஒரு கட்டமோ இரு கட்டங்களோ போகலாம். பரமபதத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பரமபதத்தில் தாயம் விழுந்தபடி போக வேண்டும். ஆடுபவரின் அறிவுக்கு அங்கே வேலையில்லை. பிராட்லியின் பலகையில் எண்ணைக் கொடுப்பது விதி. திசையைத் தேர்வது மனிதன்.

இரு கட்டங்களை மட்டும் சற்று நின்று பார்ப்போம். ஒன்று வறுமை. அதைக் குழந்தைப் பருவத்தின் அருகிலேயே அவர் வைத்தார். ஏழையாய்ப் பிறப்பது வாழ்வின் தொடக்கத்திலேயே ஒரு குறையாகிவிட வேண்டியதில்லை என்பது அவர் வகுத்த விதி. ஆகையால் அந்தக் கட்டத்தில் நிற்பவருக்கு மதிப்பெண் இழப்பே இல்லை. மற்றொன்று தற்கொலை. வறுமையில் வீழ்ந்தவர் மீண்டும் பம்பரத்தைச் சுற்றலாம். இழிவுற்றவரும் சுற்றலாம். சிறைப்பட்டவர் தம் முறையை இழந்து காத்திருந்து, பிறகு சுற்றலாம். தற்கொலைக் கட்டத்தில் நின்றவருக்கோ மறுமுறை இல்லை. அவர் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும்.

பிராட்லி தம் பலகைகளை எடுத்துக்கொண்டு நியூயார்க் சென்றார். கொண்டுசென்ற பல நூறு பலகைகளும் இரண்டே நாட்களில் விற்றுத் தீர்ந்தன. 1861-ஆம் ஆண்டிற்குள் 45,000 பலகைகள் விற்பனையாயின. 1866-இல் அவர் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

போர்க்களமும் பொம்மைக் கூத்தும்

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. ஆட்டம் செய்யும் காலம் இதுவன்று என எண்ணிய பிராட்லி படைக்கலம் வரையும் வேலையில் இறங்கினார். ஆனால் ஸ்பிரிங்ஃபீல்டில் முகாமிட்டிருந்த போர்வீரர்கள் பொழுது போகாமல் வாடியதைக் கண்டார். சதுரங்கம், டாமினோ முதலியவற்றோடு தம் வாழ்க்கை ஆட்டத்தையும் பையில் அடங்கும் அளவில் செய்து ஒரு டாலருக்கு விற்றார். அறநிலையங்கள் அவற்றை வாங்கிப் படையினருக்கு வழங்கின. நாளை இருப்போமா என்று அறியாத இளைஞர்கள் கூடாரத்தில் அமர்ந்து இன்பமான முதுமையை நோக்கிக் காய் நகர்த்தினார்கள். எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

போர் முடிந்தபின் 1866-இல் ‘மிரியாப்டிகான்’ என்னும் பொம்மை அரங்கை வெளியிட்டார். அட்டைப் பெட்டிக்குள் நீண்ட படச்சுருள் ஒன்று. கைப்பிடியைத் திருப்பினால் போர்க் காட்சிகள் ஒவ்வொன்றாய் நகரும். கதை சொல்வதற்கு உரையும், நுழைவுச் சீட்டுகளும், விளம்பரத் தாளும் கூடவே கிடைத்தன. ஆறு இலட்சம் வீரர்களுக்கு மேல் மாண்ட போரை, வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் கதையாய்ச் சொன்னார்கள். தந்தையையும் தமையனையும் இழந்த வீடுகள் எத்தனையோ இருந்த காலத்தில்!

மழலையர்க்கு உழைத்தல்

1869-ஆம் ஆண்டையொட்டி எலிசபெத் பீபடி அம்மையாரின் சொற்பொழிவு ஒன்றை பிராட்லி கேட்டார். ஜெர்மானிய அறிஞர் ஃபிரோபலின் கிண்டர்கார்டன் முறையைப் பற்றிய சொற்பொழிவு அது. விளையாட்டே குழந்தையின் கல்வி என்ற கருத்து அவரைப் பற்றிக்கொண்டது. எட்வர்டு வீபே என்பவர் எழுதிய கிண்டர்கார்டன் கையேட்டை 1869-இல் தாமே வெளியிட்டார். மரக் கட்டைகள், உருண்டைகள், வண்ணத் தாள்கள் ஆகியவற்றைப் பள்ளிகளுக்காகச் செய்யலானார்.

அதில் இலாபம் வரவில்லை. 1870-களின் வணிக மந்தத்தில் பங்காளிகள் சினந்தனர். கிண்டர்கார்டனைக் கைவிடு, அல்லது நாங்கள் விலகுகிறோம் என்ற நிலை வந்தது. பிராட்லி கைவிடவில்லை, பங்காளிகள் விலகினர். அன்று பலகை விரித்த அதே ஜார்ஜ் டாப்லி பணத்தோடு வந்து நிறுவனத்தைத் தாங்கினார். ஒரு நண்பர் ஒருவரை இருமுறை காப்பாற்றுவது எத்துணை அரிது!

பின்னாளில் பிராட்லி வண்ணங்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றி நூல்கள் எழுதினார். பள்ளிகளுக்கு ஒரே தரமான வண்ணத் தாள்களையும் நீர் வண்ணங்களையும் அளித்தார். முதல் மனைவி இளமையிலேயே இறந்துவிட, மறுமணம் செய்து இரு பெண் மக்களைப் பெற்றார். 1911-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் ஸ்பிரிங்ஃபீல்டில் தம் 74-ஆம் வயதில் காலமானார். இன்பமான முதுமை என்ற கட்டத்தை அவர் அடைந்துவிட்டார் என்றே சொல்லலாம்.

நூறாண்டுக்குப் பின்

அவருடைய நிறுவனம் 1943-இல் நம் பரமபதத்தின் வழிவந்த ஓர் ஆட்டத்தை அமெரிக்காவில் வெளியிட்டது. பாம்புகள் இருந்த இடத்தில் சறுக்குமரங்கள் வந்தன. 1960-இல் வாழ்க்கை ஆட்டத்தின் நூற்றாண்டை முன்னிட்டு அதையும் புதிதாக்கினார்கள். தற்கொலை போயிற்று. கூடவே அறமும் போயிற்று. காரும் காகிதப் பணமும் வந்தன. அதிகப் பணம் சேர்த்தவரே வென்றவர். செல்வர் கோடீசுவரர் குடியிருப்புக்கும், கையில் காசில்லாதவர் ஏழைகள் பண்ணைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 1984-இல் அந்நிறுவனம் ஹாஸ்ப்ரோ என்ற பெரு நிறுவனத்தோடு இணைந்தது.

இரு பலகைகளில் எது இருண்டது? முதற் பார்வைக்கு 1860-ஆம் ஆண்டின் பலகையே என்று தோன்றும். ஆனால் அந்தப் பலகையில் வறுமை தொடக்கத்தில் இருந்தது, அதற்கு இழப்பில்லை. 1960-ஆம் ஆண்டின் பலகையில் வறுமை இறுதியில் இருக்கிறது, அதுவே தோல்வி. எனக்கு இரண்டாவது பலகைதான் அச்சம் தருகிறது.

முடிவுரை

வறுமையால் இழப்பில்லை என்ற பிராட்லியின் விதியை நான் முழுதும் ஒப்பமாட்டேன். அவரே வறுமையால் ஒரு பட்டத்தை இழந்தவர்தாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பேருந்துக் கட்டணத்திற்கும் தேர்வுக் கட்டணத்திற்கும் வீட்டில் நடக்கும் கணக்கு எனக்குத் தெரியும். அது இழப்பில்லை என்று எவரும் என்னிடம் சொல்ல முடியாது. ஆனால் அந்த விதிக்குள் இருக்கும் நம்பிக்கையை ஏற்கிறேன். தொட்டிலுக்கு அருகே இருக்கும் கட்டம் கடைசிக் கட்டமன்று.

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில், எங்கோ ஒரு மாணவனோ மாணவியோ உயிரை விட்ட செய்தி வருகிறது. நாம் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். நண்பர்களே, ஒரு தாளில் தவறினால் நவம்பரிலோ ஏப்ரலிலோ மீண்டும் எழுதலாம். அது முறையை இழந்து காத்திருக்கும் கட்டம், அவ்வளவே. 24 வயதில் லிங்கன் படங்களை எரித்துக்கொண்டு நின்ற பிராட்லிக்கு அடுத்த எண் என்னவென்று தெரியாது. அன்று அவருக்குத் தேவைப்பட்டது அறிவுரை அன்று. ஒரு மாலைப் பொழுதில் எதிரே வந்து அமர்ந்து பலகையை விரிக்க ஒரு நண்பர். நம் வகுப்பில், நம் விடுதியில், முகம் வாடித் தனித்திருப்பவர் எவரேனும் உண்டா என்று இன்று ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். அவர் எதிரே சென்று நாம் அமர்வோம்.