நியோக்கி எங்கே போச்சு? ஓர் இத்தாலிய தாத்தாவின் கதை

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல, சொதப்பிப் போன வெர்ஷனைப் பத்தி ஒரு வரியாவது எழுதியிருக்கீங்களா? நானும் எழுதினதில்லை. கடைசியா ஓடினதை மட்டும் போட்டு, பைண்டிங் பண்ணிக் கொடுத்துடுவோம். ஆனா சொதப்பினதையும் சேர்த்தே எழுதின ஒருத்தர் இத்தாலியில இருந்தார். அவர் எழுதினது சமையல் புத்தகம். பேர் பெல்லெக்ரீனோ அர்துசி.

அவர் பிறந்தது 1820 ஆகஸ்ட் 4, ஃபோர்லிம்போபோலிங்கிற சின்ன ஊர்ல. வியாபாரக் குடும்பம். 1851 ஜனவரி 25 ராத்திரி அந்த ஊருக்குள்ள ஒரு கொள்ளைக் கூட்டம் புகுந்தது. ஊர்ப் பணக்காரங்க எல்லாம் நாடகம் பார்த்துக்கிட்டு இருந்த தியேட்டரையே பிடிச்சு வச்சுக்கிட்டு, வீடு வீடா கொள்ளையடிச்சாங்க. அர்துசி வீடும் தப்பலை. அன்னிக்கு நடந்த கொடுமையில அவரோட சகோதரி ஜெர்த்ரூதேவுக்கு மனநிலை பாதிச்சிடுச்சு. அவங்க கடைசி வரைக்கும் மீளவே இல்லை. குடும்பம் ஊரையே விட்டு ஃப்ளோரன்ஸ் நகரத்துக்குப் போயிடுச்சு.

அங்க அர்துசி பட்டு வியாபாரம் செஞ்சு நல்லா சம்பாதிச்சார். ஐம்பது வயசு வாக்குல தொழிலை விட்டுட்டார். கல்யாணம் பண்ணிக்கலை. இலக்கிய ஆசை இருந்தது. ஒரு கவிஞரோட வாழ்க்கை வரலாறு, இன்னொரு கவிஞரோட கடிதங்களுக்கு விளக்கம்னு ரெண்டு புத்தகம் எழுதினார். ரெண்டையும் யாரும் கண்டுக்கலை.

அடுத்து கையில எடுத்ததுதான் சமையல். அப்போ இத்தாலி ஒரே நாடா ஆகி முப்பது வருஷம்தான் ஆகியிருந்தது. ஊருக்கு ஊர் பேச்சு வேற, சாப்பாடு வேற. பெரிய வீட்டு சமையல் புத்தகம் எல்லாம் பிரெஞ்சுப் பேர்களா இருக்கும். வீட்ல அடுப்பு முன்னாடி நிக்கிறவங்களுக்கு அது புரியாது. அவங்களுக்குப் புரியற சாதாரண இத்தாலிய மொழியில, கிராம் கணக்கோட எழுதணும்னு அர்துசி முடிவு பண்ணார்.

அவர் தொழில்முறை சமையல்காரர் கிடையாது. அவர் வீட்ல வேலை பார்த்த மரியெட்டா சபதீனியும் பிரான்செஸ்கோ ருஃபில்லியும்தான் அடுப்புல நின்னாங்க. இவர் ருசி பார்ப்பார், சரியா வரலைன்னா திரும்ப பண்ணச் சொல்வார், அப்புறம்தான் எழுதுவார். நம்ம பாஷையில சொன்னா, இவர் டாக்குமென்டேஷன், அவங்க டெஸ்டிங் டீம்.

பதிப்பாளர் யாரும் சரியா அமையலை. 1891ல, 71 வயசுல, சொந்தக் காசு போட்டு 1,000 பிரதி அச்சடிச்சார். அதுல 475 சமையல் குறிப்பு. சொந்த ஊர்ல நடந்த ஒரு தர்மக் குலுக்கலுக்கு ரெண்டு பிரதி பரிசா போச்சு. ஜெயிச்சவங்க அதைக் கிண்டல் பண்ணி, புகையிலைக் கடைக்காரர்கிட்ட வித்துட்டாங்க! இந்த அவமானத்தை அர்துசி மறைக்கலை. பின்னாடி வந்த பதிப்போட முன்னுரையில அவரே எழுதி வச்சார்.

ஆனா வீட்ல சமைக்கிறவங்க கையில புத்தகம் கொஞ்சம் கொஞ்சமா போய்ச் சேர்ந்தது. அவங்க லெட்டர் போட்டாங்க. சந்தேகம் கேட்டாங்க, தங்க வீட்டு செய்முறைகளையும் அனுப்பினாங்க. பதிப்புக்குப் பதிப்பு அவர் சேர்த்துக்கிட்டே போய், 1911ல குறிப்புகள் 790 ஆச்சு. குறையும் இல்லாம இல்லை. அவர் நல்லா அறிஞ்ச ரொமாஞா, டஸ்கனி பக்கத்து சாப்பாடுதான் அதுல அதிகம், தெற்கு இத்தாலி ரொம்பக் கம்மி.

சரி, தலைப்புக்கு வரேன். நியோக்கின்னா உருளைக்கிழங்கு மாவுல பண்ற சின்னச் சின்ன உருண்டை. அவர் கணக்கு: உருளைக்கிழங்கு 400 கிராம், மாவு 150 கிராம். நம்ம ஊர் மைதாவே போதும். கிழங்கை வேக வச்சு, சூடா இருக்கும்போதே தோல் உரிச்சு, சல்லடையில தேய்ச்சு மசிக்கணும். மாவு சேர்த்துப் பிசைஞ்சு, விரல் மாதிரி நீளமா உருட்டி, 3 சென்டிமீட்டர் துண்டா வெட்டணும். துருவியோட பின்பக்கம் வச்சு கட்டை விரலால லேசா அழுத்தி, உப்பு போட்ட கொதி தண்ணியில வேக விட்டு வடிச்சா முடிஞ்சது. மேல வெண்ணெய், சீஸ், வேணும்னா தக்காளி சாஸ்.

இந்தக் குறிப்புலேயே ஒரு கதையும் சொல்றார். ஒரு அம்மா அவர் கண் முன்னாடியே நியோக்கியைத் தண்ணியில போட்டு, கிளற கரண்டியை விட்டா, பானையில ஒண்ணுமே இல்லை! எங்கே போச்சு? மாவு பத்தலை, அதனால மொத்தமும் தண்ணியிலேயே கரைஞ்சு போச்சு. அந்த 150 கிராம் எதுக்குன்னு இப்போ மறக்குமா?

மினெஸ்ட்ரோனேங்கிற காய்கறி சூப் குறிப்புலயும் இதே கதைதான். 1855ல லிவோர்னோ ஊர்ல அதைச் சாப்பிட்ட ராத்திரி அவருக்கு வயிறு கலங்கிடுச்சு. சூப்தான் காரணம்னு திட்டிக்கிட்டே மறுநாள் ஊர் திரும்பிட்டார். அப்புறம்தான் தெரிஞ்சது, அங்க காலரா. அவர் தங்கியிருந்த வீட்டுக்காரரே அதுல இறந்துட்டார். சூப் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சதும், அதைத் திருத்தி நல்லா எழுதிச் சேர்த்தார்.

1911 மார்ச் 30ல அர்துசி இறந்தார். சொத்தைச் சொந்த ஊருக்கு எழுதி வச்சவர், புத்தகத்தோட உரிமையை மட்டும் மரியெட்டாவுக்கும் பிரான்செஸ்கோவுக்கும் கொடுத்தார். அட்டையில பேர் அவருடையது, அதுக்கு அப்புறம் வந்த வருமானம் அடுப்புல நின்னவங்களுக்கு. எனக்கு இந்த இடம்தான் உறுத்துது. நம்ம ரிப்போர்ட் நன்றிப் பக்கத்துல முதல்வர், துறைத் தலைவர்னு வரிசையா எல்லார் பேரும் வரும். ராத்திரி எட்டு மணி வரைக்கும் லேபைத் திறந்து வச்சிருந்த அண்ணன் பேர் வருதா?

இன்னிக்கு ஃபோர்லிம்போபோலியில அவர் பேர்ல ஒரு சமையல் மையம் இருக்கு, 2007ல திறந்தது. அங்க பாஸ்தா மாவு பிசையச் சொல்லிக் கொடுக்கிறவங்களுக்குப் பேர் 'மரியெட்டாக்கள்'.

லீவுக்கு வீட்டுக்குப் போனா ஒரு தடவை நியோக்கி பண்ணிப் பாருங்க. கரைஞ்சு போச்சுன்னா கவலைப்படாதீங்க. எவ்வளவு மாவு போட்டீங்கன்னு எழுதி வைங்க, அடுத்த தடவை உதவும். அம்மா பக்கத்துல நின்னு காப்பாத்தியிருந்தா, அவங்க பேரையும் சேர்த்து எழுதுங்க.