அடகு போன நகைகளும் அன்னை பீ அம்மாவும்

பஜ்ர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருகையில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்வதைக் காண்கிறோம். இரவு ஷிப்டு முடித்து இல்லம் திரும்பும் பெண்மக்களும், காலை ஷிப்டுக்குப் புறப்படும் பெண்மக்களும் அவற்றில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் வீட்டுக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, உணவூட்டி, மதரஸாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பி வைப்போர் பெரும்பாலும் நன்னிமாரே. ஜூன் மாதம் பிறந்து கல்விக் கட்டணம் செலுத்தும் வேளை வந்துவிட்டால், அவ்வில்லங்களின் வளையலும் சங்கிலியும் அடகுக் கடைக்குச் சென்றுவிடுவதையும் நாம் அறிவோம். இத்தாய்மாரை நினைக்குந்தோறும், இதே காரணத்துக்காகத் தம் நகைகளை அடகு வைத்த ஓர் அம்மையாரின் வாழ்வு உள்ளத்தில் தோன்றுகிறது.

அன்னாரின் இயற்பெயர் ஆபாதி பானு பேகம். மௌலானா ஷவ்கத் அலீ, மௌலானா முஹம்மத் அலீ எனும் அலீ சகோதரர்களை ஈன்ற தாய் அவரே. வயது முதிர்ந்த கண்ணியமிக்க மாதரை வடநாட்டார் அழைக்கும் வழக்கப்படி, பீ அம்மா என்று நாடே அவரை அழைத்தது.

ஏறத்தாழ 1850-ஆம் ஆண்டில் பிறந்த அவர், ராம்பூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த அப்துல் அலீ கானுக்கு வாழ்க்கைப்பட்டார். 1880-ஆம் ஆண்டளவில் காலரா நோய் கண்டு கணவர் வபாத்தானார். கடைக்குட்டியான முஹம்மத் அலீ 1878 டிசம்பரில் பிறந்தவர். தந்தையின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வயதுகூட அவருக்கு இல்லை. முப்பது வயதை ஒட்டிய அந்த இளம் கைம்பெண், மறுமணத்தை நாடாது பிள்ளைகளை வளர்ப்பதொன்றையே மேற்கொண்டார். கைம்பெண் மறுமணம் செய்வதை நம் மார்க்கம் ஆகுமாக்கியதோடு ஆர்வமூட்டியும் இருக்கிறது; ஆதலின் இதை ஒரு சட்டமாக எவரும் கொள்ள வேண்டாம். அது அவரே தேர்ந்துகொண்ட வழி.

சொத்துக்களை நிர்வகிக்கும் பொறுப்பு கணவர் வழி உறவினரிடம் இருந்தது. பிள்ளைகளை பரேலிக்கு அனுப்பி ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க அன்னை விரும்பினார். ஆங்கிலம் படித்தால் ஈமான் பறிபோகும் என்றஞ்சிய அப்பெரியவர் பணம் தர மறுத்தார். அன்று அவ்வாறு அஞ்சியவர் அவர் ஒருவரல்லர். மார்க்கம் கற்ற நம்மவரிலும் பலர் அவ்வச்சத்தை ஊட்டினர் என்பதை மறைப்பதற்கில்லை. பள்ளிப்படிப்பு ஏதுமில்லாத, திரைக்குப் பின்னால் வாழ்ந்த அந்த அம்மையார் உறவினருடன் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. தம் நகைகளில் சிலவற்றைப் பணிப்பெண் வாயிலாக ஒரு வட்டிக்கடைக்காரரிடம் அனுப்பி அடகு வைத்தார். வந்த தொகையைக் கொண்டு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார். தமக்கென்று ஒன்றும் வாங்காமல், உண்பதிலும் உடுப்பதிலும் சிக்கனம் பிடித்து, ஒருவர் பின் ஒருவராய்ப் பிள்ளைகளைக் கரையேற்றினார்.

ஷவ்கத் அலீயும் முஹம்மத் அலீயும் அலீகர் கல்லூரியில் பயின்றனர். 1898-இல் முஹம்மத் அலீ ஆக்ஸ்போர்டு சென்று வரலாறு கற்றார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்த தமையன் ஷவ்கத் அலீ அதற்கு உறுதுணையாய் நின்றார். தாயின் கடனைத் தமையன் தொடர்ந்து அடைத்தது போன்றதே இது. பின்னர் 1911-இல் கல்கத்தாவில் காம்ரேட் எனும் ஆங்கில வார இதழை முஹம்மத் அலீ தொடங்கினார். ராம்பூரில் அடகு போன நகைகள் கற்பித்த ஆங்கிலம், அந்த ஆங்கில ஆட்சியையே கேள்வி கேட்கலாயிற்று.

1915-ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் சகோதரர் இருவரையும் காவலில் வைத்தது. சிந்த்வாராவில் அவர்கள் வைக்கப்பட்டிருந்தபோது அறுபது வயதைக் கடந்த அன்னையும் உடன் சென்று தங்கினார். 1917-இல், சில நிபந்தனைகளுக்கு உடன்பட்டுக் கையொப்பமிட்டால் விடுதலை தருவதாக ஓர் அதிகாரி பத்திரத்துடன் வந்தார். புர்கா அணிந்து அவ்விடம் வந்த அன்னை, மார்க்கத்துக்கும் நாட்டுக்கும் மாறான எதற்கேனும் தம் மக்கள் ஒப்புக்கொண்டால், நடுங்கும் தம் கைகளாலேயே அவர்களின் கழுத்தை நெரித்துவிடும் வலிமையை அல்லாஹ் தமக்குத் தருவான் என்று தெரிவித்துவிட்டார். ஹிஜ்ரி 73-இல் மக்கா முற்றுகையிடப்பட்டிருந்த நாளில், தம் மகன் அப்துல்லாஹ்வுக்கு நெஞ்சுறுதி ஊட்டிய முதுபெரும் அன்னை ஹஜ்ரத் அஸ்மா (ரலி) அவர்களை இது நினைவூட்டுகிறதன்றோ!

அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் முஸ்லிம் லீக் மாநாடு கூடியது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முஹம்மத் அலீ காவலில் இருந்தமையால், தலைமை ஆசனத்தில் அவருடைய படமே வைக்கப்பட்டது. மகனுக்காக அன்னை புர்காவுக்குள்ளிருந்தவாறே அச்சபையில் பேசினார்.

1919 டிசம்பரில் விடுதலையான சகோதரர்கள் நெடுநாள் வெளியே இருக்கவில்லை. 1921 செப்டம்பர் 14 அன்று, காந்தியடிகளுடன் சென்னைக்கு வந்துகொண்டிருந்த முஹம்மத் அலீ வால்டேர் ரயில் நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அவருடைய மனைவி அம்ஜதி பேகமோ பயணத்தை முறித்துக்கொள்ளாமல் காந்தியடிகளோடு நம் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அந்த மாமிக்கு வாய்த்த மருமகள் அத்தகையவர். கராச்சியில் நடந்த வழக்கில் சகோதரர்களுக்கு ஈராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மக்கள் சிறையில் இருக்க, எழுபது வயதை எட்டிய மூதாட்டி கதராடை அணிந்து ஊர் ஊராகப் புறப்பட்டார். கிலாபத் நிதி திரட்டினார். பெண்களிடம் கதரின் அவசியத்தை விளக்கினார். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றுபட்டு நிற்க வேண்டுமென்று செல்லுமிடமெல்லாம் வலியுறுத்தினார். 1921 டிசம்பரில் அஹ்மதாபாத்தில் கூடிய பெண்கள் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். ரயில் பயணமும், கூட்டங்களின் நெரிசலும், உறக்கமற்ற இரவுகளும் இளைஞரையே தளர்த்திவிடும், அவரோ சளைக்கவில்லை. மகனுக்கு அவர் கூறுவதாக இயற்றப்பட்ட ஒரு பாடலை வடநாட்டுத் தெருக்களில் சிறுவர்கள்கூடப் பாடித் திரிந்தனர்.

1923-இல் மக்கள் விடுதலையாயினர். அவ்வாண்டு டிசம்பரில் காக்கிநாடாவில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு முஹம்மத் அலீ தலைமை வகித்தார். அதைக் கண்ட அன்னைக்கு அடுத்த ஆண்டு அடுக்கடுக்காய்த் துயரங்களைக் கொணர்ந்தது. எதற்காக ஊர் ஊராய் அலைந்தாரோ அந்தக் கிலாபத்தை 1924 மார்ச் 3 அன்று துருக்கியரே ஒழித்துவிட்டனர். அவ்வாண்டிலேயே முஹம்மத் அலீயின் மகள் ஆமினா காசநோயால் மறைந்தார். நன்னி உயிரோடிருக்கப் பேத்தி ஜனாஸாவாகச் செல்லும் துன்பத்தை அனுபவித்தோரே அறிவர். செப்டம்பரில் கோஹாட்டில் இந்து முஸ்லிம் கலவரம் மூண்டது. அதன்பின் காந்தியடிகள் டெல்லியில் முஹம்மத் அலீயின் இல்லத்திலேயே 21 நாள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அன்னையோ நோயுற்றிருந்தார்.

1924 நவம்பர் 12-ஆம் நாள் கடந்து 13-ஆம் நாள் பிறக்கும் இரவில் பீ அம்மா டெல்லியில் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். காந்தியடிகளும் சரோஜினி நாயுடுவும் நள்ளிரவில் அங்குச் சென்றிருந்தனர். அங்கே கதறி அழும் குரல் கேட்கவில்லை. முஹம்மத் அலீயின் கண்களிலிருந்து நீர் மட்டும் வழிந்தது. சூழ்ந்திருந்தோர் அல்லாஹ்வின் திருநாமத்தை ஓதிக்கொண்டிருந்தனர். அன்னை உயிர்நீத்த அறைக்கு மிக அருகில்தான் காம்ரேட் அச்சகம் இருந்தது. அச்சுக் கோப்போரின் ஓசை அவ்வறைக்குள்ளும் கேட்கும். அன்றிரவும் அந்த வேலை ஒரு கணமும் நிறுத்தப்படவில்லை.