அன்னங்களுக்குப் பெயர் வைத்தவர்

பீற்றர் ஸ்கொட்டைப் பற்றி நான் எழுதக் காரணம் அவர் வைத்திருந்த ஒரு பெயர்ப்பதிவு.

1909இல் இலண்டனில் பிறந்தவர். தென்துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் பனியில் உயிர்விட்ட கப்டன் ஸ்கொட்டின் ஒரே பிள்ளை. தகப்பன் இறந்தபோது வயது இரண்டரை. மகனுக்கு இயற்கையில் ஈடுபாடு வரச் செய்யும்படி, தகப்பன் கடைசிக் கடிதத்தில் மனைவியிடம் கேட்டிருந்தார்.

ஆனாலும் மகன் முதலில் எடுத்தது துவக்கைத்தான். கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில், குளிர்கால விடியலில் சேற்று நிலங்களில் காத்திருந்து காட்டு வாத்துகளைச் சுட்டார். அவற்றையே வரைந்து பெயரும் பெற்றார். காயப்பட்டுச் சேற்றில் சாகாமல் கிடந்த பறவைகள் அவர் மனதை உறுத்தின. துவக்கை முற்றாகக் கைவிட அதன்பிறகும் பல வருடங்கள் எடுத்தன.

இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதிகாரியாக ஆங்கிலக் கால்வாயில் சண்டைப் படகுகளில் இருந்தார். போர் முடிந்த 1945 டிசம்பரில் செவர்ன் ஆற்றுக் கழிமுகத்திலுள்ள ஸ்லிம்பிரிட்ஜுக்குப் போனார். போர்க்காலக் காவலரண் ஒன்றுக்குள்ளிருந்து, வடக்கிலிருந்து வந்திறங்கிய வாத்துகளைப் பார்த்தார். மறுவருடம் அங்கேயே நீர்ப்பறவைகளுக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். ஹவாய்த் தீவுகளில் சில பத்துகளாகக் குறைந்திருந்த நேனே வாத்து அங்கே பெருகி, 1962இல் சொந்த மண்ணுக்குத் திரும்பியது.

1964 குளிர்காலத்தில், ருஷ்யாவின் ஆர்க்டிக் கரையிலிருந்து வந்த பியூயிக் அன்னங்கள் அவருடைய வீட்டு யன்னலுக்கு முன்னாலிருந்த குளத்தில் இறங்கின. ஒவ்வொன்றின் அலகிலும் மஞ்சளும் கறுப்பும் வேறுவிதமாகக் கலந்திருப்பதைக் கண்டார். ஒவ்வொரு முகத்தையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். அடுத்த குளிர்காலத்தில் யார் திரும்பியது, யாருடைய சோடி வரவில்லை என்பது அதனால் தெரிந்தது. 1970களில் அங்கே அன்னங்களை எக்ஸ்ரே எடுத்தபோது, ஏறக்குறைய மூன்றிலொன்றின் உடலில் ஈயச் சன்னங்கள் இருந்தன. சுடுவது சட்டவிரோதமாக இருந்த பறவைகள் அவை.

சன்னத்தோடும் ஷெல் துண்டோடும் வாழ்கிறவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள்.

மன்னார் வங்காலைக்குப் பூநாரைகள் வரும் காலத்தில், எத்தனை ஆயிரம் வந்தன என்றுதான் என்னிடம் கேட்பார்கள். போரில் போனவர்களைப் பற்றியும் எத்தனை ஆயிரம் என்ற வாதம்தான் நடக்கிறது. 2017 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் இருந்து போராடிய தாய்மார் பிடித்திருந்ததோ பிள்ளைகளின் படங்களை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் இருந்தது.

ஸ்கொட் 1989 ஓகஸ்ட்டில் காலமானார். அவர் தொடங்கிய அன்னங்களின் பதிவை மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.