கலீலியோ கலிலி

கலீலியோ கலிலி (பெப்ரவரி 15, 1564 – ஜனவரி 8, 1642) இத்தாலிய இயற்பியலாளரும் கணிதவியலாளரும் வானியலாளரும் ஆவார். தொலைநோக்கியைக் கொண்டு வானத்தை ஆராய்ந்தவர் என்றே இவர் பரவலாக அறியப்படுகிறார். எனினும், விழும் பொருள்களும் எறியப்படும் பொருள்களும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சோதனையாலும் கணிதத்தாலும் வரையறுத்ததே இயற்பியலுக்கு இவர் அளித்த அடிப்படையான பங்களிப்பாகும். பதுவா நகரில் பேராசிரியராக இருந்தபோது செய்த இவ்வாய்வுகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நூலாக வெளிவரவில்லை. தண்டனை பெற்று வீட்டுக் காவலில் இருந்த முதுமைக் காலத்திலேயே இவர் அவற்றை எழுதி முடித்தார்.

இளமை

கலீலியோ பீசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ கலிலி, லூட் என்னும் நரம்பிசைக் கருவியை இசைப்பதில் வல்லவர். இசைக் கோட்பாட்டு நூல்களும் எழுதியவர். நரம்பின் இழுவிசைக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பழைய நூல்கள் கூறியதை அப்படியே ஏற்காமல், நரம்புகளில் எடைகளைத் தொங்கவிட்டு அவர் சோதித்தறிந்தார்.

1581 இல் பீசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்த கலீலியோ, கணிதத்தில் நாட்டம் கொண்டு 1585 இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1589 இல் அதே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். 1591 இல் தந்தை இறந்தபின் குடும்பப் பொறுப்பு இவர்மீது விழுந்தது. 1592 இல், வெனிசுக் குடியரசுக்கு உட்பட்டிருந்த பதுவாவின் பல்கலைக்கழகத்துக்கு மாறி, அங்கு 18 ஆண்டுகள் பணியாற்றினார். மரினா கம்பா என்பவருடன் இவருக்கு இரு மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர்.

அக்காலத்தில் நிலவிய கருத்துகள்

அக்காலப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டிலின் இயக்கக் கொள்கையே கற்பிக்கப்பட்டது. அதன்படி எடை மிகுந்த பொருள், எடைக்கு ஏற்ற அளவில் விரைவாக விழும். பொருள் இயங்கிக்கொண்டே இருப்பதற்கு ஏதேனும் ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருத்தல் வேண்டும். எறிந்த கல் கையை விட்டு நீங்கிய பின்னும் பறப்பதற்குச் சுற்றியுள்ள காற்றே காரணம் எனப்பட்டது.

இக்கருத்துகளைக் கலீலியோவுக்கு முன்பே சிலர் மறுத்திருந்தனர். 14 ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த புரிடான், எறிபவர் கல்லுக்கு ஊட்டும் உந்துதலே அதைக் கொண்டு செல்கிறது என்றார். 1586 இல் சைமன் ஸ்டீவின், எடையில் பத்து மடங்கு வேறுபட்ட இரு ஈயக் குண்டுகள் ஒரே உயரத்திலிருந்து விழுந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் தரையை அடைந்ததைப் பதிவு செய்தார். பீரங்கியை 45 பாகை சாய்த்தால் குண்டு மிகுந்த தொலைவு செல்லும் என்று தார்த்தாலியா 1537 இல் எழுதினார். ஆயினும், விழும் பொருளின் வேகம் எந்த விதிப்படி கூடுகிறது என்பதைச் சோதனை செய்து காட்டியவர் எவரும் இலர்.

சாய்தளச் சோதனை

நேராக விழும் பொருளின் இயக்கத்தை அளக்க அன்றைய கடிகாரங்களால் இயலவில்லை. ஆகவே கலீலியோ வீழ்ச்சியின் வேகத்தைக் குறைக்கும் வழியை நாடினார். 12 முழ நீளமுள்ள (அன்றைய இத்தாலிய அளவில் ஏறத்தாழ 7 மீட்டர்) மரச்சட்டத்தில் நேரான பள்ளம் வெட்டி, அதற்குள் வழுவழுப்பான தோல்தாளை ஒட்டினார். சட்டத்தின் ஒரு முனையைச் சற்றே உயர்த்தி வெண்கலக் குண்டை உருளவிட்டார். பெரிய கலத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே வடிந்த நீரைச் சேகரித்து எடையிட்டு, உருளும் நேரத்தைக் கணித்தார்.

முழு நீளத்தில் கால் பங்கைக் கடக்கக் குண்டுக்கு ஆன நேரம், முழு நீளத்தைக் கடக்க ஆன நேரத்தில் சரிபாதியாக இருந்தது. அதாவது, கடக்கும் தொலைவு நேரத்தின் இருபடிக்கு நேர் விகிதத்தில் அமைகிறது. அடுத்தடுத்த சம கால இடைவெளிகளில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்னும் ஒற்றை எண்களின் விகிதத்தில் வளர்கின்றன. காற்றுத் தடையின்றி விழும் பொருள் முதல் நொடியில் 4.9 மீட்டரும், இரண்டாம் நொடியில் 14.7 மீட்டரும், மூன்றாம் நொடியில் 24.5 மீட்டரும் கடப்பது இவ்விதியின்படியே ஆகும்.

சரியான விளக்கம் உடனே கிட்டிவிடவில்லை. விழும் பொருளின் வேகம் கடந்த தொலைவுக்கு ஏற்பக் கூடுகிறது என்று கலீலியோ 1604 இல் கருதினார். அவ்வாறாயின், தொலைவு சுழியாக உள்ளபோது வேகமும் சுழியாகும். ஓய்விலுள்ள பொருள் விழவே தொடங்காது. பின்னர் அக்கருத்தைக் கைவிட்டு, வேகம் நேரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்னும் சீரான முடுக்கக் கொள்கையை அடைந்தார்.

எறிபொருளின் பாதை

ஏறத்தாழ 1608 இல் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ஒரு தாளில் கலீலியோவின் அளவீடுகள் சில உள்ளன. புளோரன்சில் பாதுகாக்கப்படும் இத்தாளின் குறிப்புகளை, ஆய்வாளர் ஸ்டில்மன் டிரேக் 1973 இல் வெளியிட்டார். சாய்தளத்தில் உருண்டு வரும் குண்டு மேசை விளிம்பிலிருந்து கிடைமட்டமாகப் பாய்ந்து தரையில் விழும் இடம் அதில் குறிக்கப்பட்டுள்ளது. குண்டு 300 அலகு உயரத்திலிருந்து உருண்டபோது 800 அலகு தொலைவிலும், 600 அலகு உயரத்திலிருந்து உருண்டபோது 1172 அலகு தொலைவிலும் விழுந்தது. உயரம் இரு மடங்காகும்போது தொலைவு ஏறத்தாழ 2 இன் வர்க்கமூல அளவே, அதாவது 1.414 மடங்கை ஒட்டியே, கூடியது. விளிம்பை அடையும் குண்டின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமைவதும், பாய்ந்த பின் அதன் கிடைமட்ட வேகம் குறையாமல் நிலைப்பதும் இதற்குக் காரணங்களாகும்.

இதிலிருந்து எறிபொருளின் இயக்கம் இரு தனித்தனி இயக்கங்களின் சேர்க்கை என்பது தெளிவாகிறது. கிடைமட்ட இயக்கம் மாறாத வேகம் உடையது. செங்குத்து இயக்கம் சீரான முடுக்கம் உடையது. எடுத்துக்காட்டாக, நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாக எறியப்பட்ட கல் 1, 2, 3 நொடிகளின் முடிவில் 10, 20, 30 மீட்டர் முன்னேறியிருக்கும். அதே நேரங்களில் 4.9, 19.6, 44.1 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். இப்புள்ளிகளை இணைத்தால் கிடைக்கும் வளைவு பரவளையம் ஆகும். 45 பாகையில் வீச்சு மிகுதி என்பதையும், 30, 60 பாகை போன்று 45 இலிருந்து சமமாக விலகிய கோணங்களில் வீச்சு சமம் என்பதையும் கலீலியோ வடிவியல் வழியே நிறுவினார். காற்றின் தடை இப்பாதையைச் சிதைக்கும் என்பதையும் இவர் அறிந்திருந்தார்.

தொலைநோக்கியும் விசாரணையும்

1609 இல் தொலைநோக்கியை மேம்படுத்தி வானை நோக்கத் தொடங்கியதும் இயக்கம் பற்றிய ஆய்வு பின்தள்ளப்பட்டது. 1610 இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டறிந்ததன் பயனாக, புளோரன்சில் மெடிச்சி அரசவையின் கணிதவியலாளரானார். புவி சூரியனைச் சுற்றுகிறது என்னும் கொப்பர்னிக்கசின் கொள்கையை ஆதரித்ததால் திருச்சபையுடன் முரண்பாடு எழுந்தது.

புவி இயங்குமாயின் கோபுரத்திலிருந்து விழும் கல் பின்தங்கி விழ வேண்டும் என்பது அக்கொள்கைக்கு எதிரான வலுவான வாதமாக இருந்தது. விழும் கல் புவியின் இயக்கத்தையும் தன்னுடன் கொண்டுள்ளது என்பதே கலீலியோவின் விடை. ஓடும் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து விழும் கல் பாய்மரத்தின் அடியிலேயே விழுவதை இவர் எடுத்துக்காட்டினார். இவ்வாதங்கள் அடங்கிய நூல் 1632 இல் வெளிவந்தது. ரோமில் விசாரிக்கப்பட்ட கலீலியோ, ஜூன் 22, 1633 அன்று தம் கருத்தைக் கைவிடுவதாக மண்டியிட்டு அறிவித்தார். அந்நூல் தடை செய்யப்பட்டது. சியன்னாவில் சில மாதங்கள் தங்கியபின், புளோரன்சுக்கு அருகிலுள்ள ஆர்செட்ரியில் தம் இல்லத்தில் இறுதிவரை காவலில் வைக்கப்பட்டார். அருகில் கன்னியர் மடத்தில் துறவியாக இருந்து இவருக்கு ஆறுதலளித்த மூத்த மகள் 1634 இல் காலமானார்.

இறுதி நூல்

இந்நிலையில் கலீலியோ தம் பழைய குறிப்புகளுக்குத் திரும்பி, இரண்டு புதிய அறிவியல்கள் பற்றிய உரையாடல் நூலை எழுதினார். பொருள்களின் வலிமை, இயக்கம் என்பனவே அவ்விரு அறிவியல்கள். நான்கு நாள் உரையாடலாக அமைந்த இந்நூலில் மூன்றாம் நாள் வீழ்ச்சியையும், நான்காம் நாள் எறிபொருளையும் விளக்குகின்றன. இவரது எந்த நூலையும் புதிதாக அச்சிடத் திருச்சபை தடை விதித்திருந்ததால், நூல் 1638 இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் எல்சவியர் அச்சகத்தாரால் வெளியிடப்பட்டது. அது தமக்குத் தெரியாமல் அச்சேறியதாகக் கலீலியோ முகவுரையில் காட்டிக்கொண்டார். நூல் வெளிவருவதற்குள் இவர் இரு கண்களின் பார்வையையும் இழந்திருந்தார்.

இறுதி ஆண்டுகளில் விவியானி, டாரிசெல்லி ஆகிய மாணவர்கள் உடனிருந்து உதவினர். பீசாவின் சாய்ந்த கோபுரத்திலிருந்து கலீலியோ குண்டுகளைப் போட்டார் என்னும் செய்தி விவியானி எழுதிய வரலாற்றில் காணப்படுகிறது. அது உண்மையாக நிகழ்ந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கலீலியோ ஜனவரி 8, 1642 அன்று காலமானார். 1737 இல் இவரது உடல் புளோரன்சின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் எழுப்பப்பட்ட நினைவுக் கல்லறைக்கு மாற்றப்பட்டது.

தாக்கம்

பொருள்கள் ஏன் விழுகின்றன என்பதைக் கலீலியோ விளக்கவில்லை. எவ்வாறு விழுகின்றன என்பதையே அளந்தார். விசைக்கும் முடுக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஐசக் நியூட்டன் 1687 இல் தம் பிரின்சிப்பியா நூலில் வகுத்து, நிலவின் சுற்றுப்பாதையையும் எறிபொருளின் பாதையையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தார். தோல்தாள் ஒட்டிய பள்ளத்தையும் நீர்க்கடிகாரத்தையும் கொண்டு அத்துணைத் துல்லியமாக அளக்க முடியாது என்று 20 ஆம் நூற்றாண்டில் சிலர் ஐயுற்றனர். 1961 இல் தாமஸ் செட்டில் அதே முறையில் சோதனையைச் செய்து, அது இயலும் என்று காட்டினார். 1971 இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒருசேரக் கைவிட்டார். அவை இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. திருச்சபையின் தடைநூல் பட்டியலிலிருந்து 1835 இல் கலீலியோவின் நூல் நீக்கப்பட்டது. 1992 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கலீலியோ வழக்கில் அன்றைய இறையியலாளர்கள் தவறிழைத்ததை ஏற்றுக்கொண்டார்.