பேரை வாங்கலாம், நீர்ஜாவை?

பவர்லூம் சேலைல 'காஞ்சிப் பட்டு'ன்னு லேபிள் ஒட்டினா பட்டாயிடுமா? எங்க தாமல்ல சின்னப் பசங்ககூட சிரிப்பாங்க. ஒரு விமான கம்பெனிக்கும் இதே கதைதான்.

நீர்ஜா பனோட் 1963-ல் சண்டிகரில் பிறந்தவர், மும்பையில் வளர்ந்தார். மாடலிங் செய்தார், பான் ஆம் விமானத்தில் பணிப்பெண் ஆனார். 1986 செப்டம்பர் 5, மும்பையிலிருந்து நியூயார்க் போகும் பான் ஆம் 73 கராச்சியில் நின்றபோது நான்கு தீவிரவாதிகள் ஏறினார்கள். நீர்ஜா உடனே எச்சரித்ததால் விமானிகள் காக்பிட் வழியே தப்பினார்கள். விமானத்தைக் கிளப்ப ஆளில்லை. அமெரிக்கர்களின் பாஸ்போர்ட்டுகளை அவரும் சக ஊழியர்களும் ஒளித்துவைத்தார்கள். சுமார் 17 மணி நேரம் கழித்து மின்சாரம் போய் விளக்குகள் மங்க, தீவிரவாதிகள் சுட ஆரம்பித்தார்கள். கதவைத் திறந்து பயணிகளை வெளியே அனுப்பிய நீர்ஜா குண்டடிபட்டு இறந்தார். இரண்டு நாள் போயிருந்தா 23 வயசு. யோசிச்சுப் பாருங்க, நம்ம சூப்பர் சீனியர் வயசு! அசோகச் சக்கரம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

பான் ஆம் 1991-ல் மூடப்பட்டது. அந்தப் பேரை வாங்கி 1996-ல் வேறு ஆட்கள் பறக்கவிட்டார்கள். 1998-லேயே திவால். அடுத்து வாங்கியவங்களும் நிலைக்கலை.

பிளேஸ்மென்ட்ல நாம முதல்ல பாக்கிறது கம்பெனி பேரைத்தான். லேபிளைப் பாருங்க, தப்பில்ல. நெஞ்சவங்க யாருன்னும் ஒருதடவை பாருங்க.