பைப் சத்தம்கூட ஆகாது... ஏரிக்கரை வீட்டில் இசையை எரித்த இசைமேதை!

மொபைலை சைலன்ட்டில் போட்டாலே நமக்குக் கை பரபரக்கும். ஆனா, ஒருத்தர் அமைதி வேணும்னு வீட்டுக்குள்ள தண்ணீர்க் குழாயே வரக்கூடாதுன்னு சொல்லிட்டார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் இசையமைக்க இடைஞ்சலாம். அவர் உயிரோடு இருந்த 53 வருஷமும் அந்த வீட்டுக்குக் குழாய் வரவே இல்லை.

அவர் ழான் சிபேலியஸ். பின்லாந்தின் மிகப் பெரிய இசையமைப்பாளர். அந்த வீட்டின் பெயர் ஐனோலா. ஐனோ என்பது அவர் மனைவியின் பெயர். ஐனோலா என்றால் 'ஐனோவின் இடம்'.

ஊரைவிட்டு ஓடிய கதை

1865-ல் பிறந்த சிபேலியஸ், 1892-ல் ஐனோவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஐனோவின் அப்பா ராணுவத் தளபதி, கவர்னர். வசதியான குடும்பம். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. 1899-ல் சிபேலியஸ் எழுதிய 'பின்லாந்தியா' அந்த மக்களின் விடுதலை உணர்வுக்கே அடையாளமானது. நாடே கொண்டாடியது.

ஆனா, வீட்டு நிலைமை வேற. தலைநகர் ஹெல்சிங்கியில் நண்பர்களோடு உட்கார்ந்தால் குடி, சுருட்டு, விருந்து என்று நேரம் போவதே தெரியாது. கடன் மேல கடன். இதற்கிடையே 1900-ல் மூன்றாவது மகள் கிர்ஸ்டி, கைக்குழந்தையாகவே காய்ச்சலில் இறந்துபோனாள். நகரத்தை விட்டுப் போனால்தான் இவர் பிழைப்பார் என்ற முடிவுக்கு வந்தார் ஐனோ.

ஹெல்சிங்கிக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் தூசுலா ஏரி. அதன் அருகே ஒரு காட்டு நிலம். கட்டடக் கலைஞர் லார்ஸ் சொன்க்கிடம் சிபேலியஸ் கேட்டது ரெண்டே விஷயம்: ஏரி தெரியணும், சாப்பாட்டு அறையில் பச்சை நிறத்தில் ஒரு கணப்பு அடுப்பு வேணும். அவருக்கு ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு நிறமாகத் தெரியுமாம். பச்சைக்கும் ஒரு சுருதி உண்டு! 1904 செப்டம்பரில் மூன்று மகள்களோடு அந்த மர வீட்டுக்குக் குடிவந்தார்கள்.

அமைதிக்கு யார் விலை கொடுத்தது?

மூன்றாவது சிம்பொனி முதல் ஏழாவது சிம்பொனி வரை சிபேலியஸ் எழுதியது இந்த வீட்டில் வாழ்ந்த காலத்தில்தான். 1915 ஏப்ரலில் வீட்டருகே 16 அன்னங்கள் வட்டமடித்துப் பறந்ததைப் பார்த்துச் சிலிர்த்துப்போனார். ஐந்தாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் கம்பீரமாக வரும் மெட்டை இன்றும் 'அன்ன மெட்டு' என்றுதான் சொல்கிறார்கள்.

அவர் அமைதியாக எழுத, வீட்டை ஓட்டியது ஐனோ. காய்கறித் தோட்டம் போட்டார், பழமரங்கள் வளர்த்தார். மகள்களுக்கு வீட்டிலேயே பாடம் எடுத்தார். ஊர் மாறியும் சிபேலியஸின் குடிப் பழக்கம் போகவில்லை. ஹெல்சிங்கிக்குப் போனால் நாள் கணக்கில் திரும்ப மாட்டார். உடலும் மனமும் ஓய்ந்து, 1907-ல் ஐனோ சானடோரியத்தில் தங்கி சிகிச்சை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அடுத்த வருஷம் சிபேலியஸுக்குத் தொண்டையில் கட்டி. பெர்லினில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பயத்தில் குடியையும் சுருட்டையும் சுமார் ஏழு வருஷம் தொடவே இல்லை. பிறகு மறுபடியும் ஆரம்பித்தார். நாம் ரசிக்கும் அந்த இசைக்குப் பின்னால், பெயர் மட்டும் வாசலில் இருந்த ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது.

அடுப்பில் போன சிம்பொனி

1924-ல் ஏழாவது சிம்பொனி. 1926-ல் 'டாபியோலா'. அதன் பிறகு பெரிதாக எதுவும் வரவில்லை. எட்டாவது சிம்பொனி எப்போ வரும் என்று உலகமே கேட்டது. பாஸ்டன் இசைக்குழு நடத்துநர் செர்கே கூஸ்விட்ஸ்கி கடிதம் மேல் கடிதம் போட்டார். சிபேலியஸ் இதோ, அதோ என்று தள்ளிக்கொண்டே போனார். எதிர்பார்ப்பு ஏற ஏற, எழுதியது எதுவுமே அவருக்குப் போதவில்லை.

1940-களில் ஒருநாள், ஒரு துணிக்கூடை நிறைய இசைத் தாள்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு அறை அடுப்பில் போட்டு எரித்தார். எட்டாவது சிம்பொனியும் அதோடு போனதாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பார்க்கத் தாங்காமல் ஐனோ எழுந்து போய்விட்டார். ஆனா, அதற்குப் பிறகு கணவர் மனசு லேசாகி, நிம்மதியாக இருந்ததையும் அவரேதான் பின்னாளில் சொன்னார்.

1957 செப்டம்பர் 20. சிபேலியஸுக்கு வயது 91. அன்று மாலை ஹெல்சிங்கியில் அவரது ஐந்தாவது சிம்பொனியை, அந்த அன்ன மெட்டை, மால்கம் சார்ஜென்ட் நடத்திக்கொண்டிருந்தார். அதே மாலை ஐனோலாவில் அவர் உயிர் பிரிந்தது. வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

வீட்டுக்குள் குழாய் வந்தது அதற்குப் பிறகுதான்! ஐனோ இன்னும் 12 வருஷம் அங்கேயே வாழ்ந்து, 1969-ல் 97 வயதில் மறைந்தார். இருவருக்கும் ஒரே கல்லறை. 1972-ல் மகள்கள் வீட்டை அரசிடம் விற்றார்கள். 1974 முதல் அது அருங்காட்சியகம்.

போகிறவர்கள் அந்தப் பச்சை அடுப்பை இன்றும் பார்க்கலாம். அப்படியே தோட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். அந்த வீட்டின் அமைதி முளைத்தது அங்கேதான்.