கஸாக் தேசத்தின் உபாத்தியாயர்

மத்திய ஆசியாவில் பரந்து கிடக்கும் புல்வெளி நாடாகிய கஸாக்ஸ்தானம், சோவியத் ராஜ்யம் கலைந்த 1991-ம் வருஷத்தில் ஸ்வதந்திரம் அடைந்தது. அத்தேசத்தார் தங்கள் உபாத்தியாயர் என்று கொண்டாடும் மனிதரோ, அந்த ஸ்வதந்திரத்துக்கு 54 வருஷங்களுக்கு முன்னரே சோவியத் சர்க்காரால் சுட்டுக் கொல்லப்பட்டவர். அஹமத் பைதுர்ஸின் என்பது அவர் நாமதேயம். கவியாகத் தொடங்கி, பத்திராதிபராகி, மந்திரி ஸ்தானம் வகித்து, முடிவில் ஜன விரோதி என்ற பட்டம் சூட்டப்பெற்று மாண்டார். ராஜீய ஊழியத்தில் இறங்கியோர் எவரும் அவருடைய சரித்திரத்தை அறிந்திருத்தல் நலம்.

துர்காய் பிரதேசத்தில் 1872-ம் வருஷத்தில் பிறந்தவர் அஹமத். பைதுர்ஸின் என்பது தகப்பனார் பெயர். மானமுள்ள மனிதர்; அந்நிய அதிகாரத்துக்குத் தலை வணங்காதவர். 1885-ல் ருஷ்ய ஜில்லா அதிகாரி ஒருவரை அவரும் அவருடைய சகோதரரும் அடித்துவிட்டனர். அந்த அடிக்கு விலை 15 வருஷம் ஸைபீரியாவில் கடுந்தண்டனை. அப்பொழுது அஹமதுக்குப் பிராயம் 13. அன்று பட்ட காயம் பிற்காலத்தில் அவர் சிறையிலிருந்து தாயாருக்கு எழுதிய கவியிலும் ஆறாதிருந்ததைக் காண்கிறோம்.

தகப்பனாரை இழந்த சிறுவன் வறுமையோடு போராடிப் படித்தான். ஓரன்பர்க் நகரத்தில் உபாத்தியாயர் பயிற்சி முடித்து 1895-ல் பள்ளிக்கூட ஊழியத்தில் அமர்ந்தான். அக்காலத்தில் கஸாக்கியரின் மேய்ச்சல் நிலங்கள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டு ருஷ்யக் குடியானவர்களுக்கு வழங்கப்பட்டு வந்தன. 1896 முதல் இருபது வருஷங்களில் அங்ஙனம் குடியேறியவர் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர். நிலம் போயிற்று, பெயரும் போயிற்று. தங்கள் கொஸாக் குதிரைப் படையினரோடு பெயர் குழம்பாதிருக்கும் பொருட்டு, ருஷ்யர் இந்த ஜனங்களைக் கிர்கீஸ் என்று வேறொரு ஜாதியின் பெயரால் அழைத்து வந்தனர். தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள ஒரு தேசத்துக்கு உரிமையில்லாமற் போன விநோதத்தை என்னென்பது!

1905-ல் கர்கராலிப் பிரதேசத்துச் சந்தையில் ஒரு மனு தயாராயிற்று. நிலப் பறிப்பை நிறுத்துக, குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தருக, மத விஷயத்தில் தலையிடாதிருக்க என்று கோரிய அம்மனுவில் 14,500 பேர் கையொப்பமிட்டனர். அதன் பின்னே நின்றவர்களில் அஹமதும் ஒருவர். சர்க்கார் இதை மறக்கவில்லை. 1909-ல் அவரைக் கைது செய்து ஸெமிபலாடின்ஸ்க் சிறையில் எட்டு மாதம் அடைத்து வைத்து, பின் பிரதேசத்தை விட்டே வெளியேற்றிற்று. அவர் ஓரன்பர்க் சென்று வசிக்கலானார்.

சிறை புகுந்த அதே வருஷத்தில் அவருடைய முதல் நூல் வெளியாயிற்று. ருஷ்யக் கவி கிரிலோவின் மிருகக் கதைகள் நாற்பதைக் கஸாக் பாஷையில் பெயர்த்த நூல் அது. பெயர்ப்பு என்பது பெயரளவுக்கே. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் வருமிடத்தில் எவர் ஓநாய், எவர் ஆடு என்பது வாசகருக்கு விளங்காமலில்லை. தணிக்கை அதிகாரிக்கோ குழந்தைக் கதையாகத் தோன்றிற்று. 1911-ல் வெளியான அவருடைய சொந்தக் கவிகளின் தொகுதிக்குக் கொசு என்று பெயர் வைத்தார். சிங்கமென்றும் கழுகென்றும் நூலுக்குப் பெயரிடும் கவிகள் நடுவே இவர் கொசுவைத் தேர்ந்தெடுத்தார். ஆழ்ந்து உறங்கும் ஜனங்களை ரீங்காரமிட்டுக் கடித்து எழுப்புவதே தம் தொழில் என்பது அவர் கருத்து.

1913-ல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் கஸாக். பறிக்கப்பட்ட பெயரையே பத்திரிகையின் தலைப்பில் அச்சிட்டதில் அவருடைய ராஜீயம் முழுவதும் அடங்கியிருந்தது. அலிஹான் புகெய்ஹானோவ், மீர்ஜாகிப் துலாத்தோவ் என்னும் இரு பெரியார்கள் அவருக்குத் தோள் கொடுத்தனர். அபராதமும் தணிக்கையும் இடைவிடாது தொடர்ந்தபோதிலும், 1918 வரை அப்பத்திரிகை நடைபெற்றது.

எனினும் அவர் செய்த காரியங்களில் தலையாயது எழுத்துச் சீர்திருத்தமே என்பது நமது அபிப்பிராயம். கஸாக் பாஷை அரபி லிபியில் எழுதப்பட்டு வந்தது. அரபி லிபியில் உயிரெழுத்துக்கள் குறைவு. கஸாக் பாஷையிலோ உயிரொலிகள் மிகுதி. மேலும் அரபியருக்கு மட்டுமே உச்சரிப்பு வரும் எழுத்துக்கள் பல வீணே இடத்தை அடைத்திருந்தன. அஹமத் தம் ஜனங்கள் வாயால் பேசுவதைக் காதால் கேட்டு அளந்தார். நாவில் இல்லாத எழுத்துக்களைத் தள்ளி, இருபத்து நான்கு எழுத்துக்களை வைத்துக் கொண்டார். கஸாக் பாஷையில் ஒரு சொல்லின் உயிரொலிகள் பெரும்பாலும் முற்றும் வல்லோசையாக அல்லது முற்றும் மெல்லோசையாகவே வரும். ஆதலின் மெல்லோசைச் சொல்லின் முன்னே ஒரு சிறு குறியிட்டால் போதும். உயிர்தோறும் புதிய எழுத்து வேண்டுவதில்லை. எவ்வளவு சிக்கனமான யுக்தி! இலக்கணத்துக்கு வேண்டிய கலைச் சொற்களையும் அரபியிலிருந்தோ ருஷ்யத்திலிருந்தோ கடன் வாங்காமல் ஜனங்களுடைய பேச்சிலிருந்தே எடுத்து ஆக்கினார். அவை இன்றளவும் கஸாக் பள்ளிக்கூடங்களில் வழங்குகின்றன.

இனி அவருடைய வாழ்வில் வாதத்துக்கு இடமான இரு கட்டங்களைச் சொல்ல வேண்டும். 1916-ல், 19 முதல் 43 வயது வரையுள்ள ஆடவரை யுத்தகளத்தின் பின்புற வேலைக்குப் பிடித்தனுப்ப ஜார் சக்கரவர்த்தி ஆக்ஞை பிறப்பித்தார். புல்வெளியெங்கும் கலகம் மூண்டது. அஹமதின் சொந்தத் துர்காயிலேயே அமங்கெல்தி இமானோவ் என்னும் வீரர் படை திரட்டினார். கஸாக் பத்திரிகையோ கலகம் வேண்டாமென்று ஜனங்களை வேண்டிக் கொண்டது. இதைக் கோழைத்தனமென்று ஏசினவர்கள் உண்டு. சோவியத் சரித்திரகாரர் பிற்காலத்தில் இதையே பெருங் குற்றமாக்கினர். அமங்கெல்தியின் வீரத்தை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆயினும், ஓர் அதிகாரியை அடித்ததற்குக் கொடுத்த விலையைப் பதின்மூன்று வயதில் கண்ணாரக் கண்டவர், பீரங்கிக்கு எதிரே ஆயுதமற்ற ஜனங்களை ஏவத் துணியாததில் வியப்பில்லை.

இரண்டாவது கட்டம் இன்னும் கடினமானது. ஜார் ஆட்சி ஒழிந்த 1917-ல் அஹமதும் நண்பர்களும் அலாஷ் என்னும் கட்சியை ஸ்தாபித்தனர். டிஸம்பரில் ஓரன்பர்க்கில் கூடிய கஸாக் மகாநாடு சுயாட்சியைப் பிரகடனம் செய்தது. ஆனால் உள்நாட்டு யுத்தத்தில் அந்தச் சின்ன சர்க்கார் இரு கற்களுக்கிடையே அகப்பட்ட தானியமாயிற்று. வெள்ளைப் படைத் தலைவர் கோல்சாக் சுயாட்சி என்ற சொல்லையே சகியார். போல்ஷ்விக்குகளோ சுயாட்சி தருவதாக வாக்களித்தனர். 1919-ல் அஹமத் சோவியத் பக்கம் சேர்ந்தார். புரட்சிக் குழுவில் அங்கத்தினராகி, 1920-ல் கல்வி மந்திரி ஸ்தானத்தையும் ஏற்றார். ஏற்ற பின்னும் வாய் மூடியிருக்கவில்லை. உள்ளூர் அதிகாரிகளின் அட்டூழியத்தைக் குறித்து லெனினுக்கே கடிதம் எழுதினார். கட்சியில் சேர்ந்த மறு வருஷமே அதிலிருந்து நீக்கவும் பட்டார்.

பகைவன் மாளிகையில் பதவி ஏற்றது சரியா? தம் பாடபுத்தகங்கள் கிராமந்தோறும் செல்ல வேறு வழியை அவர் காணவில்லை. 1924-ல் அவருடைய எழுத்துமுறை அதிகார பூர்வமாயிற்று. 1925-ல் கஸாக் என்னும் உண்மைப் பெயரும் குடியரசுக்குத் திரும்பி வந்தது. ஆனால் கொடுத்த கையே பறிக்கவும் செய்தது. 1926-ல் பாக்கு நகரத்தில் கூடிய துருக்கிய பாஷை மகாநாட்டில் எல்லோரும் லத்தீன் லிபிக்கு மாறவேண்டும் என்ற தீர்மானம் வந்தபோது, சீர்திருத்திய லிபி நன்கு பொருந்தி நடக்கையில் அதை எறிவதேன் என்று அஹமத் வாதித்தார். தோற்றார். 1929-ல் லத்தீன் லிபி புகுந்தது. 1940-ல் அதையும் அகற்றி ருஷ்ய லிபியைப் புகுத்தினர். பதினொரு வருஷத்துக்குள் ஒரு ஜாதி இருமுறை எழுத்தறிவற்றதாயிற்று. பாட்டன் எழுதியதைப் பேரன் வாசிக்க வழியில்லை. 

லிபி மாறிய அந்த 1929-லேயே அவரைக் கைது செய்தனர். மரண தண்டனை விதித்து, பின் அதைச் சிறையாகக் குறைத்து, வடகோடியிலுள்ள ஆர்க்கேஞ்சல் பிரதேசத்துக்கு அனுப்பினர். மனைவி பத்ரிஸபா அம்மையாரும் புதல்வியும் ஸைபீரியாவிலுள்ள தோம்ஸ்க்கில். அவர் அங்கே குளிரில் கிடந்த வருஷங்களில், மந்தைகளைப் பறித்த சர்க்காரின் கொள்கையால் தாய்நாட்டில் பெரும் பஞ்சம் பரவிற்று. மடிந்தோர் ஏறத்தாழ 15 லட்சம். 1934-ல், கைதிகளுக்கு உதவி வந்த கார்க்கியின் மனைவி பெஷ்கோவா அம்மையாரின் முயற்சியால் அஹமத் விடுதலை பெற்று அல்மாத்தி வந்து சேர்ந்தார். மூன்று வருஷங்கூடக் கழியவில்லை. 1937 அக்டோபரில் மீண்டும் கைது. டிஸம்பர் 8-ந் தேதி சுட்டனர். நண்பர் துலாத்தோவ் 1935-லேயே கைதி முகாமில் மாண்டிருந்தார். புகெய்ஹானோவ் 1937 ஸெப்டம்பரில் மாஸ்கோவில் சுடப்பட்டார்.

அதன் பின் ஐம்பது வருஷ காலம் அவர் நூலை வைத்திருப்பதே குற்றம்; அவர் ஆக்கிய இலக்கணச் சொற்களை ஓதிய மாணவர்கள் ஆக்கியவர் பெயரை அறியாமலே ஓதினர். 1988-ல் அவர் குற்றமற்றவர் என்று சோவியத் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அல்மாத்தியிலுள்ள பாஷா ஆராய்ச்சி நிலையம் இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2017-ல் கஸாக்ஸ்தான சர்க்கார் மறுபடியும் லத்தீன் லிபிக்கு மாற ஆக்ஞை பிறப்பித்தது. அவர் வகுத்த எழுத்தோ, அவர் சுடப்பட்ட மண்ணில் ஒழிந்தும், எல்லைக்கு அப்பால் சீனத்தின் ஸிஞ்சியாங் பிரதேசத்துக் கஸாக்கியரிடையே பிழைத்துக் கொண்டது. அவர்களுடைய புத்தகங்களும் பத்திரிகைகளும் அதன் திருந்திய உருவத்திலேயே அச்சாகி வந்திருக்கின்றன.